குமாசிக்குப் புறப்படுமுன்

காசிக்குப் போகிறவர்களுக்கு வழி சொல்ல நம் நாட்டில் ஆளுக்குப் பஞ்சம் கிடையாது. எந்த ரயிலில் ஏறலாம், எந்தச் சத்திரத்தில் இறங்கலாம், கங்கையில் எந்தத் துறையில் முழுகலாம், திரும்பி வந்த பிறகு எந்தக் காயை விட்டுவிட வேண்டும் என்பது வரையில் தெருவுக்கு நாலு பேர் சொல்லித் தருவார்கள். லண்டனுக்குப் புறப்படுகிறவர்களுக்கும் அப்படியே. ஆனால், "குமாசிக்குப் போகிறோம்" என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள்! ஓசையில் காசியும் குமாசியும் அக்காள் தங்கை போல இருந்தாலும், கேட்பவர்களுடைய முகம் உடனே மாறிவிடுகிறது. "அது எங்கே இருக்கிறது?" என்பார் ஒருவர். "ஆப்பிரிக்கா" என்றால், "ஐயோ பாவம், உத்தியோக மாற்றமா?" என்பார் இன்னொருவர்.

உத்தியோக மாற்றம் அன்று. மாமியார் வீட்டுக்குப் பிரயாணம். எங்களில் ஒருவர் கும்பகோணத்தில் பிறந்தவர். மற்றவர் மேற்கு ஆப்பிரிக்காவில், கானா தேசத்துக் குமாசி நகரத்தில் பிறந்தவர். சென்னையில் சந்தித்து, விவாகம் செய்துகொண்டு, ஆறு வருஷமாகக் குடித்தனம் நடத்தி வருகிறோம். ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று இருக்கிறது. கும்பகோணத்து மருமகளும் அந்தக் குழந்தையும் குமாசியை இதுவரை கண்டதில்லை. வருகிற மார்கழியில் மூவருமாகப் புறப்படுவதென்று தீர்மானித்து, இரண்டு மாதமாக ஆயத்தம் செய்து வருகிறோம். மூட்டை கட்டுவது எளிதாக முடிந்தது. மற்றொரு விஷயந்தான் இன்னும் முடியவில்லை. அதைப் பின்னால் சொல்லுகிறோம்.

வழியும் ஊசியும்

தேசப் படத்தில் ஆப்பிரிக்காவின் மேற்குப் புறம் வயிறு போலப் பிதுங்கியிருக்கும் பாகத்துக்குக் கீழே, கடலோரத்தில் இருக்கிறது கானா. விஸ்தீரணம் தமிழ்நாட்டைப் போல் இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு. 2021-ம் வருஷத்துக் கணக்குப்படி ஜனத்தொகை 3 கோடிக்குச் சற்று அதிகம். ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில் அதற்குத் "தங்கக் கரை" என்று பெயர். தலைநகரம் கடற்கரையில் உள்ள அக்ரா. அங்கிருந்து வடமேற்கே சுமார் 250 கிலோமீட்டர் தூரத்தில், அஷாந்தி ராஜ்யத்தின் பழைய தலைநகரமான குமாசி இருக்கிறது. சென்னையிலிருந்து நேரே போகும் விமானம் கிடையாது. அடிஸ் அபாபாவிலோ துபாயிலோ விமானம் மாறி அக்ரா போய்ச் சேர வேண்டும். அங்கே கடிகாரம் நம்முடையதைவிட ஐந்தரை மணி பின்தங்கி ஓடும்.

விசா வாங்குவதற்கு முன்னால் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மஞ்சள் காய்ச்சல் என்னும் ஒரு நோய்க்காக இந்த ஊசி. நம் வீடுகளில் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார்களே, அந்த மஞ்சள் காமாலை வேறு. இது கொசுவினால் பரவும் கொடிய காய்ச்சல். பிரயாணத்துக்குப் பத்து நாளைக்கு முன்னதாகவே ஊசி போட்டுக்கொண்டு, அதற்குரிய மஞ்சள் நிறச் சிறு புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும். ஒரு தடவை போட்டுக்கொண்டால் ஆயுள் முழுவதும் செல்லும் என்று 2016-ம் வருஷத்திலிருந்து விதி. கண்ட இடத்தில் போட மாட்டார்கள். சர்க்கார் அங்கீகரித்த நிலையங்களில்தான் போடுவார்கள். சென்னையில் கிண்டியிலுள்ள கிங் நிலையம் அவற்றில் ஒன்று.

அந்தப் புத்தகத்தைக் கானாவில் மட்டுமல்ல, திரும்பி வரும்போது நம் நாட்டு விமான நிலையத்திலும் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஆறு நாள் வரையில் தனியாக அடைத்து வைக்கலாம். இதில் நியாயம் இருக்கிறது. அந்தக் காய்ச்சலைப் பரப்பக் கூடிய ஜாதிக் கொசு நம் ஊரில் ஏராளம். காய்ச்சல்தான் இன்னும் வந்து சேரவில்லை. வழியில் யாராவது கொண்டுவந்து விட்டால் கொசுக்கள் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். இவை தவிர, மலேரியாவுக்கு மாத்திரை உண்டு. டாக்டர் சொல்கிறபடி போவதற்கு முன்பும், அங்கே இருக்கும்போதும், வந்த பிறகும் சில நாள் விடாமல் சாப்பிட வேண்டும்.

மார்கழி, தை மாதங்களில் அங்கே ஹர்மத்தான் என்னும் காற்று வீசும். சகாரா பாலைவனத்துப் புழுதியைச் சுமந்துகொண்டு வருவதால் சூரியனே மங்கிக் காணும். உதடும் தோலும் வெடிக்கும். அதற்கு அந்த ஊர்க்காரர்கள் ஷியா என்னும் மரத்துக் கொட்டையிலிருந்து எடுத்த வெண்ணெயைத் தடவிக்கொள்வார்கள்.

நாணயத்துக்குச் சீடி என்று பெயர். சோழியைக் குறிக்கும் பழஞ்சொல்லிலிருந்து வந்த பெயர் அது. முற்காலத்தில் அங்கே சோழிதான் பணம். அந்தச் சோழியில் பெரும் பகுதி நம் பக்கத்து மாலத்தீவுக் கடலிலிருந்து போனது! நாம் பல்லாங்குழி ஆடிய சோழியைக் கொண்டு அவர்கள் சந்தை நடத்தியிருக்கிறார்கள்.

வெள்ளையா, சிவப்பா?

சம்பந்தி அம்மாளுக்கு ஒரு புடவை எடுத்துப் போவதென்று முடிவாயிற்று. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருபுவனம் இருக்கும்போது பட்டுக்கு என்ன குறை? கும்பகோணத்து அம்மா நல்ல அரக்குச் சிவப்பில், கறுப்புக் கரை போட்டு ஒரு புடவையை எடுத்து வைத்தார். அதைக் கண்ட குமாசிக்காரர் திகைத்துப் போனார். அவர்கள் ஊரில் சிவப்பும் கறுப்பும் துக்கத்துக்குரிய வர்ணங்கள். சனிக்கிழமைகளில் குமாசி வீதிகளில் சிவப்பும் கறுப்பும் உடுத்திக் கூட்டங் கூட்டமாகப் போகிறவர்களைக் கண்டால், சாவு வீட்டுக்குப் போகிறார்கள் என்று அறியலாம். மகிழ்ச்சிக்கு உரியது வெள்ளை. குழந்தைக்குப் பெயரிட்டாலும், நோய் தீர்ந்து எழுந்தாலும், வழக்கில் ஜயித்தாலும் வெள்ளை உடுத்துவார்கள்.

"சம்பந்தி இருக்கும்போது அந்த அம்மாளுக்கு வெள்ளைப் புடவை கொடுக்கவா? என் கையால் மாட்டவே மாட்டேன்!" என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒரு வாரம் சமாதானப் பேச்சு நடந்தது. கடைசியில் பச்சையில் பொன் ஜரிகை என்று உடன்படிக்கை ஏற்பட்டது. அந்தப் பட்டைக் குமாசித் தையற்காரர் கத்தரித்து, "கபா" என்னும் சட்டையாகவும் கீழாடையாகவும் தைத்துவிடுவார் என்ற செய்தியை இதுவரை அம்மாவிடம் சொல்லவில்லை.

நெசவைப் பற்றிக் குமாசிக்குப் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்திலுள்ள பொன்வீரே என்னும் கிராமத்தில் கென்டே என்ற புகழ்பெற்ற துணியை நெய்கிறார்கள். நாலு அங்குல அகலத்தில் நீண்ட பட்டைகளாக நெய்து, பிறகு அவற்றைப் பக்கத்தில் பக்கம் வைத்துத் தைத்துவிடுவார்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு பெயர் உண்டு; பெயருக்குப் பின்னால் ஒரு பழமொழியோ ஒரு சரித்திரமோ இருக்கும். திருபுவனத்துத் தறிக்காரருக்கு அதைக் காட்டினால், பாஷை தெரியாமலே ஒரு பகல் முழுவதும் அவர்களோடு பேசிக்கொண்டிருப்பார்.

நாவும் வயிறும்

குமாசியில் பேசும் பாஷைக்கு ட்வி என்று பெயர். காலையில் "மாச்சே", நடுப்பகலில் "மாஹா", மாலையில் "மாஜ்வோ" என்று வணக்கம் சொல்ல வேண்டும். நன்றிக்கு "மெதாசே". வருகிறவர்களை "அக்வாபா" என்று வரவேற்பார்கள். சொற்கள் எளியவைதாம், குரலின் ஏற்ற இறக்கந்தான் ஆளைக் கவிழ்த்துவிடும். "பாப்பா" என்பதை ஒரு ஸ்வரத்தில் சொன்னால் நல்லது என்று பொருள், இன்னொரு ஸ்வரத்தில் தகப்பனார், மற்றொன்றில் விசிறி. நம் வீட்டிலோ அது குழந்தைக்குப் பெயர். ஆகவே எங்கள் வீட்டில் "பாப்பா!" என்று கூப்பிட்டால் தகப்பனும் மகளும் சேர்ந்தே ஓடி வருகிறார்கள்.

மரியாதைகளில் பாதி நமக்குப் பழக்கமானவை. இடது கையால் கொடுக்கவோ வாங்கவோ கூடாது. உள்ளே நுழைகிறவர்தான் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும். பலர் உட்கார்ந்திருந்தால் வலது கோடியில் உள்ளவரில் தொடங்கி வரிசையாகக் கை கொடுத்துக்கொண்டு போக வேண்டும். நடுவில் ஒருவரைத் தாண்டிப் போவது பெருங்குற்றம். பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை.

சாப்பாட்டிலும் அப்படியே. மரவள்ளிக் கிழங்கையும் வாழைக்காயையும் வேகவைத்து, உரலில் இட்டு உலக்கையால் இடித்து உருட்டுவது ஃபுஃபு. அதைக் கையால் கிள்ளிக் குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். கேழ்வரகுக் களி சாப்பிட்ட தொண்டைக்கு இது புதிதன்று. நிலக்கடலைக் குழம்பு, சேம்பு இலைக் கீரை, அரிசியும் தட்டைப் பயறும் சேர்த்து வேகவைத்த வாச்சே, புளித்த மக்காச்சோள மாவை அதன் மடலிலேயே சுற்றி அவித்த கெங்கே எல்லாம் உண்டு. ஒன்றில்தான் ஜாக்கிரதை வேண்டும்: கீரை என்று எண்ணி வாயில் இட்டால் அதற்குள் கருவாடு இருக்கும். சைவ உணவுக்காரர் முன்கூட்டியே வாய் திறந்து கேட்டுக்கொள்வது நலம்.

குழந்தை யாருடையது?

அஷாந்தி மக்களையும் அவர்களுடைய உறவினர்களையும் சேர்த்து ஆக்கன் என்று சொல்வார்கள். பிறந்த கிழமையே அவர்களுக்கு முதற் பெயர். சனிக்கிழமை பிறந்த ஆண் குவாமே; வெள்ளிக்கிழமை பிறந்தவன் கோஃபி. கானாவுக்குச் சுதந்திரம் வாங்கித் தந்த குவாமே நிக்ருமா சனிக்கிழமைக்காரர். ஐக்கிய நாடுகள் சபையின் காரியதரிசியாக இருந்த கோஃபி அன்னான் வெள்ளிக்கிழமைக்காரர். எங்கள் குழந்தையும் வெள்ளிக்கிழமைதான் பிறந்தாள். ஆகையால் குமாசிக் கணக்கில் அவள் அஃபுவா.

பெயர் கிடைத்துவிட்டது, குலந்தான் சிக்கலாயிற்று. ஆக்கன் மக்களிடையே குலம் தாய் வழியே வருவது. சொத்தும் பட்டமும் பழைய வழக்கப்படி சகோதரியின் மகனுக்குப் போகும். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பங்கு கொடுக்க 1985-ம் வருஷத்தில்தான் சட்டம் வந்தது. தாய்மாமனுக்கு அங்கே உள்ள அதிகாரம் நம் கல்யாண வீட்டுத் தாய்மாமனுக்குக்கூடக் கிடையாது. நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழியைப் பற்றிக் கவிமணி எழுதியதைப் படித்தவர்களுக்கு இதெல்லாம் அதிசயமாய்த் தோன்றாது.

இப்பொழுது எங்கள் குழந்தையின் நிலையை யோசித்துப் பாருங்கள். கும்பகோணத்தில், "குழந்தை தகப்பன் குலத்தைச் சேர்ந்தது, எங்கள் கணக்கில் வராது" என்கிறார்கள். குமாசி வழக்கமோ, "குழந்தை தாயின் குலத்தைச் சேர்ந்தது" என்கிறது. இரண்டு பக்கமும் மரியாதையாக மற்றவர் பக்கம் கை காட்டினால் நடுவில் நிற்கும் குழந்தை எங்கே போகும்?

குமாசி மாமியார் டெலிபோனில் இதற்கு ஒரு வழி சொன்னார். குலம் தாயினுடையதானாலும், பெயரிடும் உரிமை தகப்பன் வீட்டாருக்கு உண்டு. பிறந்த எட்டாம் நாள் விடியற்காலையில் குழந்தையை வெளியே எடுத்து வந்து, நாவில் தண்ணீர்த் துளியும் மதுத் துளியும் மாறி மாறி வைப்பார்கள். தண்ணீரைத் தண்ணீர் என்று சொல், மதுவை மது என்று சொல், பொய் சொல்லாதே என்பது அதன் கருத்து. "எட்டாம் நாள் தவறினால் என்ன? ஐந்தாம் வருஷத்தில் செய்வோம், அழைத்து வாருங்கள்" என்றார். எங்கள் பிரயாணத்தின் காரணம் இதுதான்.

கோட்டைகளும் சிலையும்

போகிற இடத்தின் சரித்திரத்தை அறியாமல் போவது, சாவு நடந்த வீட்டில் சிரித்துக்கொண்டு நுழைவதைப் போன்றது. கானாவின் கடற்கரையெங்கும் ஐரோப்பியர் கட்டிய கோட்டைகள் நிற்கின்றன. எல்மினாக் கோட்டையைப் போர்ச்சுகீசியர் கட்டத் தொடங்கியது 1482-ல். அதிலும் கேப் கோஸ்ட் கோட்டையிலும் ஆப்பிரிக்க ஆண்களையும் பெண்களையும் நிலவறைகளில் அடைத்து, கடல் கடந்து விற்பதற்குக் கப்பலேற்றினார்கள்.

அக்ராவில் உள்ள கிறிஸ்டியன்ஸ்போர்க் கோட்டை டேனிஷ்காரர்களுடையது. அதே டேனிஷ் அரசின் கொடிதான் 1845 வரையில் நம் தரங்கம்பாடியில் பறந்தது. அக்காலத்தில் சோழமண்டலக் கரையில் நெய்த துணிகள் ஐரோப்பா சென்று, அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போயின. அவற்றைக் கொடுத்து மனிதர்களை வாங்கினார்கள். நம் நெசவாளிக்கு அது தெரியாது. ஆனாலும் பட்டை மடித்துப் பெட்டியில் வைக்கும்போது எங்களுக்கு அந்த நினைவு வராமல் இல்லை.

அவர்களுடைய வீர சரித்திரமும் நமக்கு அந்நியமன்று. அஷாந்தி மக்களின் ஆத்மாவே குடியிருப்பதாகக் கருதப்படும் பொற்பீடத்தை, தாம் உட்காருவதற்குக் கொண்டுவரும்படி 1900-ல் ஆங்கிலக் கவர்னர் கேட்டார். எஜிசு ஊரின் ராஜமாதா யா அசன்டேவா படை திரட்டிப் போருக்கு எழுந்தாள். அவளைப் பிடித்து ஸேஷல் தீவுகளுக்கு நாடு கடத்தினார்கள். அங்கேயே 1921-ல் காலமானாள். பொற்பீடம் மட்டும் கவர்னர் கைக்குக் கடைசி வரையில் கிட்டவில்லை. வேலு நாச்சியாரின் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இவளிடம் அறிமுகம் வேண்டுமா?

இரண்டாவது உலக யுத்தத்தில் தங்கக் கரைச் சிப்பாய்கள் பர்மாவில் சண்டையிட்டார்கள். நம் நாட்டிலும் முகாம் போட்டுத் தங்கினார்கள். ஊர் திரும்பிய அந்தப் பழைய சிப்பாய்கள் 1948 பிப்ரவரி 28-ந் தேதி, தங்கள் குறைகளை எழுதிய மனுவுடன் கவர்னரின் கோட்டையை நோக்கி ஊர்வலம் போனபோது போலீசார் சுட்டு மூவர் இறந்தனர். அதிலிருந்து மூண்ட கிளர்ச்சியில் நிக்ருமா தலைமை ஏற்று, மகாத்மாவின் முறையைப் பின்பற்றி, 1950-ல் பலாத்காரமற்ற போராட்டம் தொடங்கிச் சிறை புகுந்தார். சிறையிலிருந்தபடியே 1951-ல் தேர்தலில் ஜயித்தார். 1957 மார்ச் 6-ந் தேதி கானா சுதந்திரம் பெற்றது.

இதைப் படிக்கும்போது நமக்குப் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த பக்கத்தையும் படிக்க வேண்டும். 2016-ல் நம் ராஷ்டிரபதி, அக்ராவில் கானா சர்வகலாசாலையில் காந்தி சிலையைத் திறந்து வைத்தார். தென்னாப்பிரிக்காவில் இருந்த இளவயதில் காந்தி அந்நாட்டுக் கறுப்பர்களைத் தாழ்த்தி எழுதிய வரிகளை எடுத்துக் காட்டி, அங்குள்ள ஆசிரியர்கள் ஆட்சேபித்தார்கள். 2018 டிசம்பரில் சிலையை அப்புறப்படுத்திவிட்டார்கள். நிக்ருமா பின்பற்றிய காந்தியும் உண்மை. அந்த வரிகளும் உண்மை. இந்தப் பேச்சு எழுந்தால் கோபித்துக்கொண்டு பயனில்லை. 2017-ல் டில்லிக்கு அடுத்த கிரேட்டர் நொய்டாவில் ஆப்பிரிக்க மாணவர்களை அடித்த செய்தியும் அவர்களுக்குத் தெரியும்.

கேட்கப் போகிற கேள்வி

இனி, முடியாத விஷயத்துக்கு வருகிறோம். ஆக்கன் வீட்டுக்கு விருந்தாளி வந்தால், முதலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள். பிறகு வீட்டுப் பெரியவர், "இங்கே எல்லாம் அமைதி, நீங்கள் வந்த செய்தி என்ன?" என்று கேட்பார். இதற்கு "அமன்னே" என்று பெயர். காரணம் முன்பே தெரிந்திருந்தாலும் கேட்டுத்தான் தீருவார்கள். வந்தவர்களும் முறையாகப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். எங்கிருந்து வருகிறோம், அங்கே எல்லாரும் எப்படி இருக்கிறார்கள், எதற்காக வந்தோம் என்று ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

எங்கள் பிள்ளையை உங்கள் ஊரில் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று அவர்கள் கேட்டால்? வீடு வாடகைக்குத் தேடியபோது நிறத்தைக் கண்டு கதவை மூடியவர்கள் உண்டு. பஸ்ஸில் பக்கத்து இடம் காலியாகவே இருந்த நாட்களும் உண்டு. குழந்தை பிறந்ததும் "நிறம் என்ன?" என்பதுதான் உறவினர் கேட்ட முதற் கேள்வி. கும்பகோணத்து வீட்டில் பெரியப்பா ஒருவர் ஆறு வருஷமாக மாப்பிள்ளையோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தாமும் கறுப்பு, தம் கண்ணனும் கறுப்பு என்பதை அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. தண்ணீரைத் தண்ணீர் என்று சொல்லக் குழந்தைக்குக் கற்றுத்தரும் சபையில் இதையெல்லாம் மறைத்துப் பேசுவது எப்படி?

"எல்லாரும் சௌக்கியம் என்று சொல்லிவிட்டால் போயிற்று" என்றார் குமாசிக்காரர். அவருக்குப் பெரிய மனசு. கும்பகோணத்து மருமகளுக்கு அது சம்மதமில்லை. ஆகவே கும்பகோணத்துக்கே போய், கூடத்தில் எல்லாரும் இருக்கும்போது, குமாசியில் இப்படி ஒரு கேள்வி வரும், என்ன சொல்லட்டும் என்று கேட்டோம். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். பெரியப்பா நெடுநேரம் பேசவில்லை. அப்புறம், யாரையும் பார்க்காமல், "அந்த ஊரில் குழந்தைக்கு என்ன பேர் சொன்னீர்கள்?" என்று கேட்டார். "அஃபுவா" என்று பதில் சொன்னவர் மாப்பிள்ளை. பெரியப்பா அதை இரண்டு தடவை தமக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு எழுந்து போனார். மறுநாள் நாச்சியார்கோவிலிலிருந்து ஒரு சிறு குத்துவிளக்கு வந்து சேர்ந்தது. சம்பந்தி வீட்டுக்கு என்று சொல்லியனுப்பியிருந்தார். மாப்பிள்ளையோடு பேச்சு இன்னும் ஆரம்பமாகவில்லை.

எனவே எங்கள் அமன்னேயை இப்படித் தயாரித்திருக்கிறோம்: "கும்பகோணத்திலிருந்து வருகிறோம். அங்கே சிலர் உங்கள் பிள்ளையைத் தங்கள் பிள்ளையாக நினைக்கிறார்கள். சிலர் இன்னும் நினைக்கவில்லை. ஒருவர் இப்பொழுதுதான் பெயரைக் கேட்டிருக்கிறார். குழந்தைக்கு உங்கள் கையால் பெயர் வாங்கிப் போக வந்தோம். அடுத்த முறை நீங்கள் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். இதே கேள்வியை நாங்கள் உங்களைக் கேட்க வேண்டும்." இதை ட்வி பாஷையில் சொல்ல மருமகள் தினமும் பயிற்சி செய்து வருகிறாள், ஸ்வரம் இன்னும் சரியாக அமையவில்லை.

குமாசிக்குப் போகிறவர்கள் நேயர்களில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். ஆனால் ஆப்பிரிக்கப் பிள்ளைகள் நம் ஊர்க் கலாசாலைகளுக்குப் படிக்க வருகிறார்கள். நம் தெருக்களில் அறை தேடி அலைகிறார்கள். அவர்கள் வாசலில் வந்து நின்றால், முதலில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்து, பிறகு வந்த செய்தியைக் கேட்கலாம். அந்தச் சம்பிரதாயம் குமாசிக்கு மட்டும் சொந்தமன்று. நம் பாட்டிமார்களும் அதைத்தான் செய்து வந்தார்கள்.